கோட்டை பார்க்கப் போன சனிக்கிழமை

கோல சிலாங்கூர் கோட்டை எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேர ஓட்டம். பத்தாங் பெர்ஜுந்தாயில் இத்தனை வருடம் இருந்தும் நான் அதைக் கீழேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். மீன் வாங்கப் போவேன். வாங்கிக்கொண்டு திரும்பி விடுவேன். மலை மேல் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், குரங்கு இருக்கிறது என்று சொல்வேன்.

அப்படிப்பட்ட நாங்கள் தனி வண்டி பிடித்து, கைடு வைத்து, ஒரு நாள் முழுக்கச் சரித்திர இடங்கள் பார்க்கப் போனோம். சரித்திரத்துக்காகப் போகவில்லை. மகனுக்குப் பெண் பார்க்கப் போனோம்.

மகனுக்கு முப்பத்தாறு ஆகிவிட்டது. ரவாங்கில் தொழிற்சாலை வேலை. இடது கையில் இரண்டு விரல் கிடையாது. மெஷினில் போய்விட்டது. அதன் பிறகு அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். சம்பளத்தில் ஒன்றும் குறைக்கவில்லை. அவன்தான் பேச்சைக் குறைத்துக்கொண்டான். எங்கே போனாலும் இடது கை பாக்கெட்டில் இருக்கும்.

மூன்று வீட்டில் பெண் பார்த்தோம். முறைப்படி தட்டு, பழம், பூ எல்லாம் கொண்டு போனோம். ஹாலில் உட்கார வைப்பார்கள். பலகாரம் வரும். அவன் தட்டை வாங்க இரண்டு கையையும் நீட்டுவான். அதோடு சரி. நாலு நாள் கழித்து போன் வரும், ஜாதகம் பொருந்தவில்லை என்று.

மூன்றாவது போன் வந்த அன்று என் மனைவி சமைக்கவில்லை. மறுநாள் சொன்னாள்: "வீட்டுல உக்கார வெச்சா எல்லாரும் கையத்தான் பாக்குறாங்க. வெளிய கூட்டிட்டுப் போனா பாக்கறதுக்கு வேற ஏதாச்சும் இருக்கும்ல."

ராசா என்ற ஊரில் அவளுக்குச் சித்தி மகள் ஒருத்தி உண்டு. அந்தத் தெருவில் ஒரு பெண் இருப்பதாக அவள்தான் சொன்னாள். தோட்ட வேலையிலிருந்து வந்த குடும்பம். அப்பா இல்லை. பெண் முன்பு தொழிற்சாலையில் இருந்தவள், பிறகு படித்து, பரீட்சை எழுதி, கைடு ஆகிவிட்டாள். லைசென்ஸ் இருக்கிறது. வண்டியை அவளே ஓட்டுவாள். ஆள் கேட்டால் தமிழிலேயே சுற்றிக் காட்டுவாள்.

மனைவி போன் போட்டு அவளை ஒரு சனிக்கிழமைக்குப் பிடித்தாள். டூருக்கு என்றுதான் சொன்னாள். பெண் வீட்டுக்கு வேறு எதுவும் தெரியாது. மகனுக்கும் தெரியாது. அவனிடம், "அப்பாவுக்கு வயசாச்சு, ஊரச் சுத்திப் பாக்கணும்னு ஆசையா இருக்காம்" என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் பேப்பரைப் பார்த்தேன்.

அன்று காலை எட்டு மணிக்கு வருவதாகப் பேச்சு. வழியில் ஒரு மண் லோரி கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. அவள் வந்து சேர ஒன்பது தாண்டிவிட்டது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம்.

வாசலில் வண்டி நின்றதும் நான் செருப்பைப் போட்டேன். மனைவி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "கழட்டுங்க. பத்தரைக்கு மேலதான்."

பிறகு வெளியே போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். "உள்ள வாம்மா. தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."

"லேட்டாயிருச்சு ஆண்ட்டி. இப்பவே கிளம்புனாத்தான் எல்லா எடமும் பாக்க முடியும்."

"பரவால்ல. ஒண்ணு ரெண்டு கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போகுது."

அவள் உள்ளே வந்தாள். சட்டையில் கைடு அட்டை தொங்கியது. முகத்தில் அலட்டல் இல்லை. மனைவி கேசரியும் வடையும் கொண்டுவந்து வைத்தாள். விடியற்காலை எழுந்து செய்தது. வழியில் சாப்பிட என்றுதான் செய்தாள். பிறகு கதம்பம் ஒரு முழம் கொண்டுவந்து, "வெச்சுக்கம்மா" என்றாள். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தலையில் வைக்கவில்லை.

மகன் உள் அறையில் இருந்தான். இன்னும் ஏன் கிளம்பவில்லை என்று அங்கிருந்தே கேட்டான். "ராகு காலம்டா" என்று மனைவி சத்தமாகச் சொன்னாள். பெண் வடையைப் பாதியில் வைத்தாள்.

"ஆண்ட்டி, நான் இந்த வேலைக்கு வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. கோட்ட பாக்கறதுக்கு ராகு காலம் பாத்த கஸ்டமர் யாரும் இல்ல."

மனைவி சிரித்தாள். "நாங்கல்லாம் பழைய ஆளுங்கம்மா."

"பழைய ஆளுங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கேன். கேசரி குடுத்ததில்ல. பூ குடுத்ததில்ல." அவள் என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்க சொல்லுங்க. என்ன விஷயம்?"

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "பொண்ணு பாக்கத்தாம்மா. உன்னத்தான்" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பெண் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு உள் அறையைக் காட்டி, "அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

அவள் எழுந்து வெளியே போனாள். வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போய்விட்டாள் என்று நினைத்தேன். மனைவி கேசரியை மூடி வைத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வண்டி அங்கேயே நின்றது. அவள் உள்ளே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தரை ஆனதும் ஹார்ன் அடித்தாள்.

நாங்கள் ஏறும்போது மகனுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னாள்: "காசு கட்டிட்டீங்க, டூர் நடக்கும். சாயந்தரம் வரைக்கும் நான் கைடு. மத்தத என்கிட்ட யாரும் பேசாதீங்க."

அப்படியே நடந்துகொண்டாள். மலையில் ஒவ்வொரு இடமாக நிறுத்தி விளக்கினாள். கடலைப் பார்த்துத் திருப்பி வைத்த பீரங்கிகள். ராஜ வம்சத்துச் சமாதி. துரோகிகளின் தலையை வெட்டியதாகச் சொல்லும் தட்டைக் கல். உடம்பெல்லாம் அரிக்கும் தண்ணீரில் ஆளை இறக்கித் தண்டித்ததாகச் சொல்லும் கிணறு. டச்சுக்காரன் பிடித்தது, சுல்தான் திருப்பிப் பிடித்தது. எனக்குப் பாதி மறந்துவிட்டது. கலங்கரை விளக்கத்தின் கீழே நின்றபோது நல்ல காற்று அடித்தது. அது ஞாபகம் இருக்கிறது.

மகன் கவனமாகக் கேட்டான். மனைவி எதையும் கேட்கவில்லை. மகனுக்கும் பெண்ணுக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

மேலே குரங்குகள் இருந்தன. சாம்பல் நிறம், சாது. தோளில் ஏறி உட்காரும். அங்கே ஒருவர் பயற்றங்காய் கட்டுக் கட்டாக விற்றார். பெண் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள். மகன் வலது கையால் வாங்கினான். குரங்கு ஒன்று அவன் கால்சட்டையைப் பிடித்து ஏறி, பாக்கெட்டுக்குள் கையை விட்டது. உள்ளே தீனி இருக்கிறது என்று நினைத்திருக்கும். அவன் கையை எடுக்கவில்லை. குரங்கும் விடவில்லை.

"என்ன, தங்கமா வெச்சிருக்கீங்க உள்ள?" என்றாள் பெண். "காட்டுங்க லா, பாவம் அது."

என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகன் கையை வெளியே எடுத்தான். "பாதித் தங்கத்த மெஷின் எடுத்துக்கிச்சு" என்றான்.

அவன் அதைப் பற்றி விளையாட்டாகப் பேசி நான் கேட்டதே இல்லை. குரங்கு மீதி மூன்று விரலையும் பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று இறங்கிப் போனது.

"பிரஸ் மெஷினா?" என்றாள்.

"ம்."

"சென்சர கட்டி வெச்சிருந்தாங்களா?"

கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துவது சென்சர். அவன் நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நானும் லைன்ல இருந்தவதான். டார்கெட் வரலன்னா மொதல்ல அதத்தான் கட்டுவாங்க. என் பக்கத்துல நின்ன அக்காவுக்குக் கட்ட விரல் போச்சு. அன்னிக்கே நான் வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

அடுத்த பீரங்கிக்குப் போய்விட்டாள். மகன் பின்னால் போனான். கை வெளியே இருந்தது.

மதியம் கீழே ஒரு கடையில் சாப்பிட்டோம். தமிழ் முஸ்லிம் கடை. மீன் குழம்பு நன்றாக இருந்தது. அவள் எங்களோடு உட்காரவில்லை. மனைவி கூப்பிட்டாள். "வேல நேரத்துல கஸ்டமரோட உக்கார்றதில்ல ஆண்ட்டி" என்றாள். வேறு மேசையில் சோற்றை வைத்துக்கொண்டு போனில் யாருக்கோ மறுநாள் வழி சொன்னாள். ஒரு போன் முடிந்தால் இன்னொன்று வந்தது. நாங்கள் கை கழுவும்போது அவள் சோறு அப்படியே ஆறிக் கிடந்தது.

"இப்பிடி ஊர் ஊரா ஓடுறவ குடும்பத்தப் பாப்பாளா?" என்று மனைவி என் காதில் சொன்னாள்.

"காலைல நீதான் கேசரி கிண்டுன" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

பிறகு பத்து ஆராங் போனோம். நிலக்கரி எடுத்த ஊர். பழைய செங்கல் சூளையும் உயரமான புகைபோக்கியும் இன்னும் நிற்கின்றன. அந்த வழியாக எத்தனையோ தடவை எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் போயிருக்கிறேன். நின்று பார்த்ததில்லை. பூமிக்கு அடியில் ஆள் போன கதையை அவள் சொன்னாள். சீனர்கள், நம் ஆட்கள், மலாய்க்காரர்கள். இங்கே வெட்டிய கரியில்தான் ரயில் ஓடியதாம்.

மகன் கேட்டான்: "உள்ள கை, கால் போனவங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

"அத எந்தப் பலகைலயும் எழுதல" என்றாள்.

புகைபோக்கி நிழலில் நின்றோம். மணி ஐந்து ஆகிவிட்டது. அவள் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"டூர் முடிஞ்சிருச்சு" என்றாள். பிறகு மகனிடம் நேராகச் சொன்னாள். "உங்கம்மா உங்களுக்குப் பொண்ணு பாக்கத்தான் என்னக் கூப்பிட்டாங்க. காலைலயே தெரியும். உங்களுக்குத் தெரியாதுன்னு அங்கிள் சொன்னாரு. நெசமா?"

மகன் முகம் கறுத்துவிட்டது. அம்மாவைப் பார்த்தான். "ம்மா. இது என்ன வேல?"

மனைவி புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றான் அவளிடம். "தெரிஞ்சா வந்திருக்க மாட்டேன். நீங்க வேலைக்கு வந்தீங்க. நாங்க இப்பிடிச் செஞ்சிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

"நீங்க செய்யலயே." அவள் மனைவியிடம் திரும்பினாள். "ஆண்ட்டி, கையச் சொல்லியே கூப்பிட்டிருக்கலாம். கை எனக்குப் பெருசு இல்ல. ஒளிக்கறதுதான் பிடிக்கல. சரி, நானும் ஒளிக்காம கேக்கறேன். கல்யாணம் ஆனாலும் நான் இந்த வேலைய விடமாட்டேன். சனி, ஞாயிறு வீட்டுல இருக்க மாட்டேன். விருந்தாளிங்க வந்தாலும் இருக்க மாட்டேன். உங்களுக்குச் சரியா?"

மனைவி போய் வண்டிக் கதவைத் திறந்தாள். வண்டியில் ஏறினோம். இரண்டு பக்கமும் செம்பனை போய்க்கொண்டே இருந்தது. மூன்று வீடு எங்களை வேண்டாம் என்றது. இப்போது வேண்டும், வேண்டாம் என்பது என் மனைவி வாயில் இருந்தது. நான் குறுக்கே பேசினால் அவள் ஒன்றுக்கு ஒன்பது சொல்வாள். அதனால் செம்பனையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. யாரும் இறங்கவில்லை.

"ஞாயித்துக்கெழமையும் போவியா?" என்றாள் மனைவி.

"போவேன் ஆண்ட்டி."

"தீபாவளிக்கு?"

"தீபாவளிக்கு லீவு லா."

"சோத்த ஆற வெச்சிட்டு அப்பிடியே எந்திரிச்சு வந்தியே, அது என்ன பழக்கம்?"

"பழகிருச்சு ஆண்ட்டி."

"எனக்கு அதுதான் பிடிக்கல. வேலைக்குப் போறது உன் இஷ்டம்."

சொல்லிவிட்டு இறங்கி உள்ளே போய்விட்டாள். நான் பின்னால் இறங்கினேன். மகன் இன்னும் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று பெண் கேட்டது காதில் விழுந்தது. "உங்களுக்குத்தானே பாத்தாங்க."

"நான் இன்னும் பாக்கவே இல்லீங்க. நாள் பூரா பீரங்கியத்தான் பாத்தேன்."

அவள் சிரித்தாள். "அப்பன்னா அடுத்த வாரம் ராசாவுக்கு வாங்க. எங்கம்மா இருப்பாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டு வாங்க."

போனோம். போகும் முன்பே மனைவி போனில் கையைப் பற்றிச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா அவன் கையை வாங்கித் தன் கையில் வைத்துப் பார்த்தார். வலி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். மழைக் காலத்தில் கொஞ்சம் என்று அவன் சொன்னான். பிறகு மற்றதைப் பேசினோம்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது.

இப்போது சனி, ஞாயிறு மருமகள் வீட்டில் இருப்பதில்லை. மகனுக்கு லீவு. அவன்தான் சமைக்கிறான். அவளுக்கு வழியில் சாப்பிட ஒரு டப்பா கட்டிக் கொடுக்கிறான். சாயந்தரம் அது காலியாக வந்ததா என்று மனைவி திறந்து பார்க்கிறாள். போன வாரம் ரசத்தில் உப்பு அதிகம். சாப்பிட்டோம்.