மாட்டுக்கு முன்னால் எனக்கு ஓர் ஊசி

வெள்ளைக்காரன் காலம் அது. தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை கிடைக்காததால்தான் மாட்டுக்கு ஊசி போடும் வேலைக்குப் போனேன். "சாணி மிதிக்கிற உத்தியோகம்" என்று மாமனார் சிரித்தார். ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேதான், மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் வெக்கை நோய்க்கு ஊசி போடக் கொல்லிமலை ஏறினேன்.

மலைமேல் வளப்பூர் நாடு என்ற ஊர்ப்பகுதியில் ஓர் அம்மாள் தன் பசுவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"போடாவிட்டால் மாடு செத்துப்போகும்!" என்று கத்தினேன்.

"மொதல்ல எனக்குக் குத்துங்க சாமி. எத்தன வலிக்குதுன்னு பாத்துட்டு அவகிட்டச் சொல்லோணுமுங்க."

அந்த மருந்து மனுஷருக்கு ஆகாது. வேறு வழியில்லாமல், மருந்தில்லாத ஊசியை என் கையிலேயே குத்திக்கொண்டு "ஐயோ!" என்று அலறிவிட்டேன். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் வலிக்கும் கண்ணு. அந்தச் சாமியே தாங்கிக்கிட்டாரு, நீ தாங்க மாட்டியா?"

நான் ஊசி போட்டபோது பசு அசையாமல் நின்றது.

கடிதத்தை மலையிறங்கும்போதே கிழித்துப் போட்டேன். ஓய்வு பெறும்வரை எந்த மாட்டிடமும் "கொஞ்சம் வலிக்கும் கண்ணு" என்று சொல்லாமல் நான் ஊசி போட்டதில்லை. கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் அந்த ஊசியைக் குத்திக்கொண்டதில்லை.