அஞ்சு காசு இடைவெளி

பங்குத் தரகு அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டு விலை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. ஒரு பம்பு கம்பெனியின் பங்குக்கு, சந்தை திறந்ததிலிருந்து மூடும்வரை, வாங்கும் விலை ஒன்றும் விற்கும் விலை ஒன்றும் திரையில் போட்டு வைப்பதுதான் வேலை. யார் விற்க வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். யார் வாங்க வந்தாலும் விற்க வேண்டும். இரண்டு விலைக்கும் நடுவே அஞ்சு காசு. அலுவலகத்தின் பிழைப்பு அதில்தான். சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடும்போதும் ஒரு கண் திரையிலேயே இருக்கும்.

அவர் மனைவியின் அண்ணனுக்கு இதைக் கண்டாலே ஆகாது.

"நடுவுல உக்காந்து அஞ்சு காசு அடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா மாப்ளே?" என்பார், வீட்டுக்கு வரும்போதெல்லாம். இத்தனைக்கும் அவரிடமே அந்தப் பம்பு கம்பெனிப் பங்குகள் இருந்தன. மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்து வைத்தவை.

ஒருநாள் சந்தை தன் விதியை மாற்றியது. அதுவரை விலையை அஞ்சு அஞ்சு காசாகத்தான் ஏற்றி இறக்க முடியும். இனி ஒரு காசு போதும். மச்சானுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ரெண்டு விலை திரையில் போட்டிருக்கும் வாங்கும் விலைக்கு மேல் ஒரே ஒரு காசு வைத்து, வரிசையில் அவருக்கு முன்னால் போய் நின்றார். அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர். விலை ஏறும் நாளில் லாபம் அவர்களுக்கு. இறங்கும் நாளில் அத்தனை பேரும் கம்பி நீட்டிவிடுவார்கள். விற்க வரும் பங்கெல்லாம் ரெண்டு விலையின் தலையில். அலுவலகத்து முதலாளியம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்.

"போதும், அந்தப் பங்கை விட்டுடுங்க" என்று ஒரு காலையில் சொல்லிவிட்டார்.

கல்லூரியில் பணம் கட்டும் வாரம் வந்தது. மச்சான் பங்குகளை விற்கப் போட்டார். வாங்க ஈ காக்கை இல்லை. விலையைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். கடைசியில் முகம் தொங்கிப்போய் ரெண்டு விலையின் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"முன்னெல்லாம் எப்ப வித்தாலும் ஆளுங்க வாங்குவாங்களே மாப்ளே. அவங்கெல்லாம் எங்க போனாங்க?"

"ஆளுங்க இல்ல மச்சான். நான் ஒருத்தன்தான்."

இதைச் சொல்ல எத்தனையோ நாள் காத்திருந்தவர்தான். சொன்னபோது சந்தோஷம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. படிக்கப் போகிறவள் இவருக்கு மருமகள் முறையாயிற்றே.

மறுநாள் மச்சானின் காரை விற்க இருவரும் பழைய கார் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் டயரை உதைத்துப் பார்த்து ஒரு விலை சொன்னார். கல்லூரிக்கு அது போதும். ரெண்டு விலைக்குப் பழக்கம் விடவில்லை.

"இதே வண்டிய நாளைக்கு நான் வாங்க வந்தா?"

கடைக்காரர் கூச்சமே படாமல் சொன்னார். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

மச்சான் சாவியைக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டு ரெண்டு விலையின் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு காசுக்கா மாப்ளே உங்கள அத்தனை பேச்சு பேசினேன்?"