கிளட்சுக்குக் கொஞ்சம் இடம்

போன திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் ஒரு பாடம் நடந்தது. வாத்தியார் — எங்கள் வீட்டுக்காரர். மாணவர் — கொடைக்கானல் பஜாரில் பிஸ்கட் கடை வைத்திருக்கும் காதர் பாய். பாய்க்கு இவரைவிட வயசு கூடத்தான். ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு எஸ்டேட் துரையிடம் பழைய சீமை மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிட்டார். ஓட்டத் தெரியும். திருகத் தெரியாது.

"கிளட்ச் பிடியை லேசா அமுக்குங்க பாய். முதல்ல கொஞ்சம் சும்மா வரணும், அதுக்கப்புறம்தான் பிடிக்கணும். அந்தச் சும்மா வர்ற எடம் இல்லேன்னா மலையில வண்டி ஏறாது" என்றார் இவர்.

"அடேயப்பா! இதை எந்த மெக்கானிக்கும் எனக்குச் சொல்லலையே சார்!"

"அவுங்களுக்குக் கீழ்நாட்டு ரோடுதானே தெரியும்?"

சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் காபி புரையேறிவிட்டது. ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன்.

ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய கதை. எங்களுடையதும் ஒரு துரை விட்டுப்போன வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசலில் சாக்கை விரித்து அதைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் முக்காலி போட்டு நான். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புஸ்தகத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுவது என் சோலி. அவர் கையெல்லாம் கிரீஸ்... புஸ்தகம் அழுக்காகிவிடுமாம்! பி.ஏ., பி.டி. முடித்தது இதற்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படிப்பேன்.

ஒரு ஞாயிறு கிளட்ச் பாடம் வந்தது. கேபிள் இழுத்துக் கட்டியதுபோல் இருக்கக் கூடாது, கொஞ்சம் தளர்ச்சி வேண்டும் என்று போட்டிருந்தது. இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை படித்தேன்.

சிரித்தார். "தொளதொளன்னு இருந்தா அதுக்குப் பேரு ரிப்பேரு. இது வெள்ளைக்காரன் சமதரைக்கு எழுதினது. மலைக்கு டைட்டா இருக்கணும்."

துணி காயப்போடும் கொடியைப் போலக் கேபிளை விறைப்பாக்கினார். பிறகு கியர் சோதனை. வண்டி ஸ்டாண்டில். பின் சக்கரம் அந்தரத்தில். கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். "ஒண்ணு... விழுந்திருச்சு. ரெண்டு... விழுந்திருச்சு." எல்லாம் விழுந்தது. அவருக்குப் பரம திருப்தி.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் வண்டியை ஓட்டிப் பார்ப்பது என்றால் கீழே இறங்குவது. எங்கள் வாசலிலிருந்தே இறக்கம்தான். அதுவும் எப்படி? நியூட்ரலில் போட்டு, என்ஜினை அணைத்து, பிரேக்கை மட்டும் நம்பி உருள்வது. பெட்ரோல் மிச்சமாம்! லாரி, ஜீப், துரைமார் கார் எல்லாம் இதே கதை. அப்படி மலையடிவாரத்து வத்தலக்குண்டு வரை உருண்டு போய்விட்டால் வண்டி நல்ல வண்டி. மேலேயிருந்து தள்ளிவிட்ட பாறாங்கல்கூட அந்தப் பரீட்சையில் பாஸாகிவிடும்.

அந்த வாரம் நான் வத்தலக்குண்டில் அம்மா வீட்டில் இருந்தேன். ஒரு சாயங்காலம் இவர் உருண்டு வந்து சேர்ந்தார் — சேதியோடு. கொடைக்கானலில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் வேலை. மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

"வெள்ளனே பஸ்ஸுல போயிருறேங்க" என்றேன்.

"வண்டி நிக்கும்போது பஸ் எதுக்கு?"

அம்மா என்னை உள்ளே இழுத்தாள். "மாப்பிள்ளை இம்புட்டுத் தூரம் வந்திருக்காரு. அவரு மனசு நோகலாமாடி?" சரி என்று மறுநாள் முதல் பஸ்ஸைப் போகவிட்டேன்.

எனக்கு அந்த வேலை வேண்டும். எப்படியாவது வேண்டும். கல்யாணமாகி மூன்று வருஷமாக டிரங்குப் பெட்டிக்குள் என் பட்டம் அந்துருண்டை வாசனையோடு கிடந்தது. வெளியே நானும் ஏறக்குறைய அதே வாசனையோடுதான் இருந்தேன். எங்கள் ஊரில் இன்னொரு வேலை எப்போது காலியாகும், யார் கண்டது? நேரம் தவறி வந்தவர்களை அந்தப் பள்ளிக்கூடத்து மதர் கேட்டுக்குள் விடமாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

சமதரையில் வண்டி ஒழுங்காகத்தான் போயிற்று. மலை ஏற ஆரம்பித்ததும் பிடித்தது சனி. டம்டம் பாறைக்குப் பக்கத்தில் என்ஜின் உறுமுகிறது, உறுமுகிறது... வண்டி நகரமாட்டேன் என்கிறது. தலையில் விறகுக் கட்டோடு நடந்து போன ஓர் அம்மாள் எங்களைத் தாண்டிப் போனார்.

"கியர் சரியா விழலை" என்றார் இவர். இறங்கி, ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்தைச் சுற்றி, மறுபடியும் அதே பாடம். "ஒண்ணு... விழுதே! ரெண்டு... இதுவும் விழுதே!" அந்தரத்தில் சுற்றும் சக்கரத்துக்கு என்ன குறைச்சல்? இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தோம். திரும்பவும் உறுமல். இந்தத் தடவை கருகல் வாசனையும் வந்தது.

"ஏங்க... கிளட்சைக் கொஞ்சம் லூஸ் பண்ணித்தான் பாருங்களேன். புஸ்தகத்துல..."

"சும்மா கெட சரசு! புஸ்தகம் வந்து வண்டி ஓட்டுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு வண்டியைப் பள்ளத்தில் உருட்டிவிட்டிருப்பேன். அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் முகம் வீங்கும், இன்டர்வியூவுக்கு ஆகாது என்று அடக்கிக்கொண்டேன்.

கேபிளைத் தளர்த்தும் திருகு எங்கே இருக்கிறது தெரியுமா? கைப்பிடியிலேயே இருக்கிறது. விரலாலேயே சுற்றலாம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் பக்கத்தில் நின்றவரை அவர் கை அந்தப் பக்கமே போகவில்லை.

கீழே வளைவில் அடுத்த பஸ்ஸின் சத்தம் கேட்டது. நடுரோட்டுக்குப் போய்க் கையை நீட்டினேன்.

"ஏய்... எங்க போற?"

"ஸ்கூலுக்கு."

"அப்ப நானு?"

"நீங்க வண்டியப் பாத்துட்டு மெதுவா வாங்க."

"வெரசா ஏறுங்கம்மா! மேட்டுல நிறுத்துனா எங்க வண்டியும் படுத்துக்கிரும்" என்று கண்டக்டர் கத்தினார். ஏறினேன். கட்டின புருஷனை ரோட்டில் விட்டுவிட்டு வருகிறாளே என்று பின் சீட்டில் ஒரு முணுமுணுப்பு. ஜன்னலுக்கு வெளியே மலையை ரொம்ப ரசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

பாதி மலையில் ஊத்து என்கிற ஊர் வந்ததும் பஸ் நின்றது. ரேடியேட்டருக்குத் தண்ணீர், டிரைவருக்கு டீ. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் — சீரான, உறுமலே இல்லாத சத்தம். நிமிர்ந்து உட்கார்ந்தபடி, பஸ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், விர்ரென்று தாண்டிப் போனார் எங்கள் வீட்டுக்காரர்!

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். "ஏறு" என்றார்.

"எப்படிங்க சரியாச்சு?"

"சூடாகியிருந்துச்சு. ஆறினதும் தானா சரியாப் போச்சு."

கேபிளைப் பார்த்தேன். தொளதொளவென்று இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை. கடிகார முள் பன்னிரண்டைத் தொடப் போனது, அதுதான் காரணம்! கேட்டைச் சாத்தப் போன வாட்ச்மேன் எங்களைப் பார்த்து நிறுத்தினார். உள்ளே ஓடினேன். வேலை கிடைத்தது.

ஆண்கள் தப்பைத் திருத்திக்கொள்ளமாட்டார்கள் என்று வாசகிகள் பலர் எழுதுகிறீர்கள். அபாண்டம்! நன்றாகவே திருத்திக்கொள்வார்கள். நாம் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட வேண்டும், அவ்வளவுதான். நாம் பார்த்துக்கொண்டே நின்றால் எந்தத் திருகும் திரும்பாது. நமக்கும் அப்படித்தானோ? இருக்கலாம். அதை அவரும் என்னைப் போலப் பத்திரிகையில் எழுத வரும்போது சொல்லட்டும்.

திங்கட்கிழமைப் பாடத்துக்கு வருகிறேன். காதர் பாய் விடவில்லை. "இந்த நுணுக்கமெல்லாம் எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

இவர் தொண்டையைச் செருமினார். ஓரக்கண்ணால் வாசற்படியைப் பார்த்தார். பையும் குடையுமாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

"எல்லாம்... புஸ்தகத்துல இருக்கு பாய்."

"அந்தப் புஸ்தகத்துக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு. வண்டிய எடுங்க!" என்றேன்.