பிளக்கைத் திருப்பிச் சொருகிய நாள்

சாலவாக்கத்தில் ஒரு பழைய மாடிவீட்டை இடிக்கும் வேலைக்குப் போயிருந்த நைனா, ஒரு சாயங்காலம் மொபெட்டின் பின்னால் லுங்கியில் சுற்றிய மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் நாலாம் வகுப்பு. மூட்டைக்குள் ஆட்டுக்குட்டி என்று நினைத்து ஓடினேன். பிரித்தால் மரப்பெட்டி, அந்தக் காலத்து வால்வு ரேடியோ. குப்பையோடு தள்ளச் சொன்னதை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதன் முதுகில் இருக்க வேண்டிய அட்டையைக் கரையான் தின்று தீர்த்திருந்தது.

அக்கா அப்போது பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம். பெட்டிக்குள் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, இதற்கு இப்போதைக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது என்றாள். இந்த மாதிரி செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வீட்டு லைனின் ஒரு கம்பி நேராக உள்ளே இருக்கிற தகரச் சட்டத்திலேயே போய்ச் சேருகிறது. இரண்டு முள் பிளக்கை ஒரு பக்கமாகச் சொருகினால் ஒன்றும் ஆகாது. திருப்பிச் சொருகினால் சட்டம் முழுக்கக் கரண்ட் ஏறிவிடும்.

நைனா அக்காவின் படிப்பைப் பற்றி டீக்கடை வரைக்கும் பெருமை பேசுவார். அவள் படித்ததை வீட்டுக்குள் சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மறுநாள் அவள் டவுன் பஸ் ஏறியதும் புது ஒயர் போட்டு, பிளக் மாட்டி, சொருகிவிட்டார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளிருந்து மெல்லிய முனகல், சுட்ட தூசியின் வாசனை. ஒரு நிமிஷம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருவதுபோல ஒரு பாட்டு வந்தது. எனக்குப் பாட்டு முக்கியமில்லை. நான் பின்பக்கம் போய்விட்டேன். கண்ணாடிக் குழல்களுக்குள் இழை இழையாகச் சிவந்துகொண்டிருந்தது. இருட்டும் நேரத்தில் ஏரிக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளைகள் எரிவதைத் தூரத்திலிருந்து பார்ப்பது மாதிரி. அந்த வெளிச்சத்துக்குள் தெருக்கள் இருந்தன. நான் அதில் நடந்து நடந்து எங்கோ போய்விடுவேன். யாராவது கூப்பிட்டால்தான் திரும்பி வருவேன்.

மூன்று நாள் அது பாடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா திரும்பவும் சொன்னபோது நைனா சிரித்தார்.

"இன்னா பெரிய கரண்ட்டு? மூணு நாளா பாடிக்கினுதான கீது? உன்ன கடிச்சிதா, என்ன கடிச்சிதா?"

அக்கா என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, பின்னால் போகாதே என்றாள். நான் தலையாட்டினேன்.

நாலாம் நாள் மழை. அம்மா நடவுக்குப் போயிருந்தாள். கூரை ஒழுகி சிமெண்ட் தரையெல்லாம் ஈரம். ரேடியோமேல் சொட்டக் கூடாதென்று நைனா அதை ஒழுகாத இடத்துக்கு நகர்த்தினார். நகர்த்தும்போது பிளக்கைப் பிடுங்கினார், மறுபடி சொருகினார். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்.

மழை வெளிச்சத்தில் குழல்கள் அன்றைக்கு இன்னும் அழகாக இருந்தன. வெறுங்காலோடு பின்னால் போய் நின்றேன். கிட்டத்தில் பார்க்கக் குனிந்தபோது, சாய்ந்துவிடாமலிருக்க உள்ளே இருந்த தகரத்தின் ஓரத்தைப் பிடித்தேன்.

வலி என்று சொல்லத் தெரியவில்லை. என் கை என்னுடையதாக இல்லை. யாரோ அதைப் பிடித்து உலுக்கினார்கள். விடலாம் என்று நினைத்தேன், விரல்கள் கேட்கவில்லை. மழைச்சத்தம், பாட்டு எல்லாம் எங்கோ தள்ளிப் போய்விட்டன. ஆனால் கண்ணுக்கு எல்லாம் மிகத் துல்லியமாகத் தெரிந்தது. நைனா கட்டிலிலிருந்து எழுந்து வருகிறார். அதே நேரம் அக்கா நனைந்தபடி வாசலில் வந்து நிற்கிறாள். என்னைப் பார்க்கிறாள்.

"தொடாத நைனா! அவள தொடாத!"

தோளிலிருந்த பையைக் கழற்றி நைனாவின் நெஞ்சிலேயே வீசினாள். அவர் தடுமாறி நின்றார். அக்கா என்னை இன்னொரு முறை பார்த்தாள். பார்த்துவிட்டு, முதுகைக் காட்டி வீட்டைவிட்டு வெளியே ஓடினாள்.

மெயின் சுவிட்ச் வெளியே, வாசல் சுவரில் இருந்தது. அது எனக்கு அப்போது நினைவில்லை.

திடீரென்று மழைச்சத்தம் திரும்பி வந்தது. நான் தரையில் கிடந்தேன். குழல்கள் மெல்ல மெல்ல மங்கி அணைந்தன. நைனா என்னை வாரித் தூக்கிக்கொண்டு, ரேடியோவை உதைக்கக் காலை ஓங்கினார். அக்கா குறுக்கே வந்தாள்.

"உள்ள இன்னும் கீது நைனா. கிட்ட போவாத."

"அதான் மெயினே ஆஃப் பண்ணிட்டியே?"

"பண்ணாலும் கண்டென்சர்ல கரண்ட்டு கொஞ்ச நேரம் நிக்கும்."

நைனா காலை இறக்கிக்கொண்டார். அவள் சொல்லி அவர் கேட்டதை அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

மழையிலேயே உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வண்டியில் நைனாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் நான். அக்காவின் கைகள் என்னைச் சுற்றியிருந்தன, ஓர் உள்ளங்கை என் நெஞ்சைவிட்டு நகரவேயில்லை. குளிருக்குத்தான் என்று நினைத்தேன். "கைய எடு. நீதான் என்ன வுட்டுட்டு ஓடிட்ட" என்றேன். அவள் கையை எடுத்து, வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். உள்ளங்கையில் வெள்ளைக் கோடாக ஒரு தீக்காயம் மட்டும்.

அம்மா அந்தப் பெட்டியை ஏரியில் போடச் சொன்னாள். நைனா அக்காவைப் பார்த்தார். அதைச் சரிசெய்ய அக்கா ஒரு மாதம் எடுத்துக்கொண்டாள். ஒரு பல்பின் இரண்டு ஒயர்களையும் கண்டென்சரில் வைத்து, மிச்சமிருந்த கரண்ட்டை முதலில் இறக்கினாள். பல்ப் ஒரு கணம் மின்மினிபோல மினுங்கி அணைந்தது. பழைய கண்டென்சர்களை மாற்றினாள். கரண்ட் நேராக வராமலிருக்கத் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாள். ஃபியூஸ் போட்டாள். பின்பக்கத்தை ஓட்டை போட்ட பிளைவுட்டால் மூடினாள். நைனா பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதை எடுத்துக் கொடுத்தார்.

நான் அந்த மாதம் முழுக்க அவளோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் காயத்தைக் காட்டி, நைனா காப்பாற்ற வந்தார், அக்கா அவரை அடித்துவிட்டு ஓடிப்போனாள் என்று சொன்னேன். நான் கண்ணால் பார்த்தது அதுதானே.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மேசைமேல் வைத்தாள். பின்மூடியை இன்னும் மாட்டவில்லை. பிளக்கை ஒரு பக்கம் சொருகி, சட்டத்தில் மூன்று இடத்தில் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். பிளக்கைத் திருப்பிச் சொருகி மறுபடி மூன்று இடம். டெஸ்டர் எரியவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். அவள் வேலைக்காகப் போட்டிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி, அன்றைக்கு நான் நின்ற மாதிரி வெறுங்காலோடு நின்றாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, விரல்கள் கவ்விக்கொள்ளாதபடி வலது புறங்கையை அந்தத் தகரத்தின்மேல் வைத்தாள். கண்ணை மூடியிருந்தாள். சும்மா ஒரு நொடி இல்லை, வெகுநேரம். பிறகு மூடியை முடுக்கிவிட்டு என்னைப் பார்த்து, "இப்ப வா பாப்பா, நீ போடு" என்றாள்.

நைனா முன்னால் எவ்வளவு பீத்திக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் கதவோரமாகவே நின்றேன்.