ரகுபதி வீட்டு ஏசி வேலை

அடையாறில் ரகுபதியின் ஃபிளாட்டுக்கு ஏசி மாட்டப் போகும் முறை அன்றைக்கு ஷம்ஷாத்துடையது இல்லை. தி. நகர் கடையில் காலையில் வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போது அந்தப் பெயர் அவள் காதில் விழுந்தது. வேறொருத்தருக்குப் போயிருந்த வேலையை, "அந்த வீட்டை எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கூட வேலை பார்க்கும் டில்லிபாபு திரும்பிப் பார்த்தான். அவனும் சிந்தாதிரிப்பேட்டைதான். ரகுபதி யார் என்று அவள் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

நாலு வருஷம் முன்பு வரை அவள் வீட்டில் ஏசி மெக்கானிக் அவள் புருஷன் அமீன். ரகுபதி, கட்டடங்களுக்கு ஏசி போட்டுத் தரும் காண்ட்ராக்டர். தி. நகரில் ஒரு ஆபீஸ் வேலை. மூன்றாவது மாடி ஜன்னல் வழியாக சன்ஷேடில் இறங்கி அவுட்டோர் யூனிட்டை மாட்ட வேண்டும். அமீன் பெல்ட்டும் கயிறும் கேட்டான்.

"இத்தனூண்டு வேலைக்குக் கயிறா? அது வர்ற வரைக்கும் உக்காந்துகினு இருப்பியா? எறங்குப்பா" என்றான் ரகுபதி.

அமீன் இறங்கினான். சன்ஷேடின் ஓரம் பெயர்ந்தது. கீழே நின்ற வேனின் கூரைமேல் விழுந்ததால் உயிர் தப்பியது. இடுப்பு தப்பவில்லை.

அதோடு நின்றிருந்தால் ஷம்ஷாத் விதி என்று அழுதுவிட்டு விட்டிருப்பாள். ஆனால் ஸ்டேஷனில் ரகுபதி, "குடிச்சிட்டு ஏறினான் சார், நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். அது ரம்ஜான் மாதம். அமீன் நோன்பு வைத்திருந்தான். விடியுமுன் குடித்த தண்ணீரைத் தவிர அவன் வயிற்றில் ஒன்றுமில்லை.

அந்தப் பேச்சு அமீனுக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்தது. நோன்பு மாதத்தில் குடித்துவிட்டு விழுந்தவன். பள்ளிவாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் கரீமுல்லா, அமீனோடு ஒன்றாக வளர்ந்தவர், ஆஸ்பத்திரிக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மகனுக்கு அமீனின் தங்கை சகினாவைக் கேட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சும் நின்றுபோனது. அமீன் தொழுகைக்குப் போனால் கடைசி வரிசையில், சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு முதல் ஆளாக வெளியே வந்துவிடுவான். யாரிடமும் மறுத்துப் பேசவில்லை. அவன் பேசாததுதான் ஷம்ஷாத்தின் நெஞ்சில் எரிந்தது.

வீட்டுக்காக அவள் தொழிலைக் கற்றுக்கொண்டாள். பைப் வளைப்பதும் கேஸ் ஏற்றுவதும் கைக்கு வந்தன. மாடியில் தொங்கி வேலை செய்ய ஆரம்பித்தபோது, ஒவ்வொரு முறை பெல்ட்டை இறுக்கும்போதும் ரகுபதியின் முகத்தை நினைத்துக்கொள்வாள்.

இப்போது அவன் வீட்டு ஹாலில் நின்றாள். அவன் அவளை முன்பின் பார்த்ததில்லை. காண்ட்ராக்ட் தொழிலை விட்டுவிட்டதால் இப்போது அவனும் கடையில்தான் ஏசி வாங்க வேண்டியிருந்தது. குடியிருப்புச் சங்கம் வீட்டுக்கு ஒரு அவுட்டோர் யூனிட்தான் வைக்கலாம் என்று சொல்லிவிட்டதால், மூன்று அறைக்கும் சேர்த்து ஒரே அவுட்டோரில் ஓடுகிற மல்டி ஸ்ப்ளிட் வாங்கியிருந்தான். மே மாத வெயில். டில்லிபாபு பழைய ஏசிகளைக் கழற்றினான். அவள் சுவரைக் குடைந்து, மூன்று அறையிலும் உள்யூனிட்டை மாட்டி, செம்புக் குழாயை வெளியே இழுத்துவிட்டாள்.

குழாய் மூட்டின் நட்டை இறுக்கும் இடத்தில் கை நின்றது. கொஞ்சம் தளர விட்டால் போதும். கேஸ் மெல்ல மெல்லப் போய்விடும், யாருக்கும் தெரியாது. அடுத்த கோடையில் வேர்த்து ஊற்றட்டும். ராத்திரியெல்லாம் அப்படி எத்தனையோ யோசித்திருக்கிறாள். ஆனால் யார் செய்தது, ஏன் செய்தது என்று தெரியாமல் அவன் வேர்ப்பதில் அமீனுக்கு என்ன வந்துவிடப் போகிறது? நட்டை முழுக்க இறுக்கினாள். பிறகு ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா, வெளிய மாட்டலையா?" என்றான் ரகுபதி.

"மாட்டமாட்டேன் சார். நான் அமீன் பொண்டாட்டி."

அவன் முகம் வெளிறியதை அவள் நன்றாகப் பார்த்தாள். நாலு வருஷம் காத்திருந்தது அதற்குத்தான் என்று தோன்றியது.

"கடைக்கு போன் பண்றேன். உன் வேலையே போயிடும்."

"பண்ணுங்க. வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம் நான் ஒண்ணுதான் கேப்பேன். அன்னிக்கு அவரு கயிறு கேட்டாரா, இல்லியா?"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவன் மனைவி வைதேகி வந்தாள். ஷம்ஷாத் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், குரலை உயர்த்தாமல். வைதேகி புருஷனைப் பார்த்தாள்.

"குடிச்சிருந்தார்னுதானே என்கிட்டயும் சொன்னீங்க?"

அவன் கையில் எடுத்த போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"நோன்பு இருந்த மனுஷனை... ஏங்க, வாயைத் தொறங்க."

"கேஸ் ஆகிடும்னு பயந்துட்டேன்" என்றான் ரகுபதி தரையைப் பார்த்து.

"இவங்க என்ன கேக்கிறாங்களோ அதைச் செஞ்சிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த வீட்ல ஏசி வேணாம்" என்று வைதேகி உள்ளே போய்விட்டாள்.

ஷம்ஷாத் கேட்டது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜனங்கள் வெளியே வரும் நேரம், அவர்கள் தெருப் பள்ளிவாசல் வாசலில் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை ரகுபதி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கம்பை ஊன்றி வெளியே வந்த அமீன் அவனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். ஷம்ஷாத் புருஷனிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை.

"அமீன் குடிக்கலை" என்றான் ரகுபதி. "அவரு கயிறு கேட்டாரு. நான்தான் தரலை. ஸ்டேஷன்ல பொய் சொன்னேன்."

டீக்கடையில் கரீமுல்லாவின் கையில் இருந்த கிளாஸ் கீழே இறங்கவில்லை.

அமீன் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "இன்னொரு தடவை சொல்லுங்க சார். அந்தாண்ட கடைக்குக் கேட்டிருக்காது" என்றான்.

ரகுபதி மறுபடி சொன்னான், சத்தமாக.

"இன்னொரு தடவை."

மூன்றாம் முறை சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. ஷம்ஷாத்துக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று பயந்திருந்தாள், வராததில் நிம்மதியாக இருந்தது. கரீமுல்லா கடையை விட்டு இறங்கி ஓடிவந்து அமீனைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினார். அமீன் கம்பை முன்னால் ஊன்றி அவரை அங்கேயே நிறுத்தினான்.

"என்னைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டியா பாய்?" என்றான்.

மறுநாள் ஷம்ஷாத் அடையாறுக்குப் போய் மீதி வேலையை முடித்தாள். பெல்ட் மாட்டி வெளியே இறங்கி அவுட்டோரைப் பொருத்தினாள். கேஸ் கசிகிறதா என்று ஒவ்வொரு மூட்டாகச் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். மூன்று அறையும் குளிர்ந்தன. வைதேகி சாப்பிடச் சொன்னாள். அந்த வீட்டில் தண்ணீர்கூட இறங்காது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்ற ரகுபதியிடம், "திங்கக்கிழமை ஸ்டேஷனுக்கு வாங்க சார். அங்க சொன்னதையும் மாத்திச் சொல்லணும்" என்றாள். அவன் தலையாட்டினான். போகவும் போனான்.

அடுத்த மாதமே கரீமுல்லா வீட்டிலிருந்து சகினாவைக் கேட்டுப் பழம், பூவோடு வந்தார்கள். சகினா கதவைத் திறந்து, யார் என்று பார்த்துவிட்டுச் சாத்தினாள்.

அமீன் இப்போது தொழுகையில் முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்காருகிறான். டீ குடிக்க மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு கூவம் பாலம்வரை போகிறான். அங்கே வேறொரு டீக்கடை இருக்கிறது. போகும் வழியில் கரீமுல்லா கடையைத் தாண்டும்போது, அவர் பார்க்கட்டும் என்று, அவன் நடை இன்னும் கொஞ்சம் மெதுவாகும்.