ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் பிடித்தவள்

“எப்ப இருந்து இளைக்க ஆரம்பிச்சாங்க?” என்று டாக்டரம்மா கேட்டதும் ஸ்டுடியோக்காரர் திருதிருவென்று விழித்தார்.

வீட்டில் மயங்கி விழுந்த மனைவியை அவர்தான் அழைத்து வந்திருந்தார். அவள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் பக்கத்து அறைக்குப் போயிருந்தாள். அவளுக்கு வயிற்றில் கட்டி என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார் டாக்டரம்மா. மேஜையில் ஸ்கேன் படம் கிடந்தது.

“கொஞ்ச நாளாத்தான்...” என்று இழுத்தார்.

“கொஞ்ச நாள்னா? ரெண்டு மாசமா, ஒரு வருஷமா? எவ்வளவு வேகமா வளருதுன்னு தெரிஞ்சா எங்களுக்கு முடிவு எடுக்க உதவியா இருக்கும். அவங்களைக் கேட்டா சிரிச்சு மழுப்புறாங்க. கூடவே இருக்கிறவர் நீங்கதானே? வியாழக்கிழமை வரும்போது யோசிச்சுச் சொல்லுங்க.”

ஆளைப் பார்த்துக் கேட்டாரே ஒரு கேள்வி! முப்பது வருடமாகப் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைக்கிற மனிதர் இவர். இடது காது ஒரு நூல் மறைந்தால் கண்டுபிடித்துவிடுவார். கண் இமை பாதி இறங்கினால் விடமாட்டார். வருகிறவர்களையெல்லாம் “ஆடாதீங்க, ஆடாதீங்க” என்று அதட்டி அதட்டி, தெருவில் அவருக்கே ‘ஆடாதீங்க’ என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் ஒரு நாளைக்கு இருபது முகம் பார்த்துப் பார்த்து அவருக்கு முகம் என்றாலே அலுத்துவிட்டது. அவர் உயிரெல்லாம் ஏரிக்கரையில் நின்ற ஒரு மரத்தின் மேல் இருந்தது.

அந்த மரத்துக்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது, இவரும் கேட்டுக்கொண்டதில்லை. மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு அதே இடத்தில் ஸ்டாண்டை ஊன்றி அதே மரத்தைப் படம் பிடித்தார். மழை விட்டபின் அடிமரத்தில் பாசி எத்தனை அங்குலம் ஏறுகிறது, வெயில் முற்ற முற்றத் தண்ணீர் எவ்வளவு பின்வாங்குகிறது, பனி தொடங்கும்போது எந்தக் கிளையில் முதல் இலை பழுக்கிறது, எல்லாம் அவருக்கு வேண்டும். போன வருடத்தைவிட இந்த வருடம் தெற்குக் கிளை ஒன்பது நாள் முந்திப் பழுத்தது என்று தையல்காரரிடம் சொல்லிப் பூரித்துப்போவார். ஸ்டுடியோவுக்குக் கீழே கடை வைத்திருந்த தையல்காரர், “இதைத் தெரிஞ்சு நான் என்னண்ணே பண்ணப் போறேன்?” என்று ஊசியில் நூலைக் கோப்பார்.

அளவு தெரிய வேண்டுமே என்று சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்து ஒரு கோல் செய்திருந்தார். மரத்தடியில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது மனைவியின் வேலை. வீட்டில் இவர்கள் இருவர்தான், வேறு யாரைக் கூப்பிடுவது? அவளும் முனகாமல் வந்து நின்றாள். பிரிண்ட் போடும்போது அவளை வெட்டிவிடுவார். மரம், கோல், கோலைப் பிடித்த ஒரு கை. ஸ்டுடியோச் சுவர் முழுக்க அந்தக் கைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டில் விட்டுவிட்டு மத்தியானம் ஸ்டுடியோவுக்கு வந்தார். படியேறும்போது தையல்காரர் நிறுத்தி, என்ன சொன்னார்கள் என்று விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

“அக்காவோட துணிய மூணு தடவை பிடிச்சுத் தைச்சுக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கேட்டேன். ‘அவருக்குத் தெரியும்’னு சொல்லிட்டாங்க. நீங்க பார்த்துக்கிட்டு இருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்.”

ஸ்டுடியோக்காரர் மேலே போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

வெட்டாத படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. நூற்று ஐம்பதுக்கு மேல். முதல் பழுத்த இலையைத் தேடும்போது செய்வதைப்போலவே கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கிப் போனார். இந்த முறை மரத்தைப் பார்க்கவில்லை. கழுத்தெலும்பு தெரிந்தது. அதற்கு முன் ஸ்வெட்டரின் தோள்பட்டை தொங்கியது. அதற்கும் முன் கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் நழுவி முழங்கைப் பக்கம் கிடந்தது. சட்டென்று சுவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் வெட்டாமல் விட்டுவைத்த அந்தக் கையிலேயே, மாதத்துக்கு மாதம், கடிகார வார் ஒவ்வொரு துளையாக உள்ளே போயிருந்தது. தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்துதான் டீ குடித்தார்.

பதினோரு மாதத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றில் இரண்டு படங்கள் இருந்தன. முதலாவதில் கோல் சாய்ந்திருந்தது. அவள் அதைப் பிடித்திருக்கவில்லை, அதன்மேல் சாய்ந்திருந்தாள். ஞாயிறுதோறும் குறிப்பு எழுதிவைக்கும் நோட்டைப் புரட்டினார். ‘கோல் சாய்ந்துவிட்டது. திரும்ப எடுத்தேன்’ என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அன்றைக்கு அவள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. “கொஞ்சம் தலை சுத்துதுங்க.” இவர், “ஒரு நிமிஷம் ஆடாம நில்லு, வெளிச்சம் போயிடும்” என்றார். அவளும் நின்றாள். இரண்டாவது படத்தில் கோல் நேராக, அழகாக இருந்தது. ஸ்டுடியோக்காரர் தலையில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நன்றாக அழட்டும், அழ வேண்டியவர்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல், “பதினோரு மாசமா இளைச்சுக்கிட்டு வர்றே” என்றார்.

“அவ்வளவுதானா? ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்னு நினைச்சேன்” என்றாள் அவள், ஏதோ பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்போல.

“தெரிஞ்சேவா இருந்தே? ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?”

“நான் என்னத்தைச் சொல்றது? அவ்வளவு பெரிய மரத்துல ஒரே ஒரு இலை பழுத்தாக்கூடக் கண்டுபிடிக்கிற ஆளு நீங்க. வாராவாரம் என்னை நிக்கவெச்சு அரை மணி நேரம் பார்க்கிறீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் பயத்துல வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்கன்னு நினைச்சேன். நீங்களா கூப்பிடும்போது ஆஸ்பத்திரிக்குப் போகலாம், அதுவரைக்கும் நாமும் பயமுறுத்த வேண்டாம்னு இருந்துட்டேன்.”

பார்க்கவே இல்லை, உன்னை வெட்டிப் போட்டுவிட்டு மரத்தைப் பார்த்தேன் என்ற உண்மை அவர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அந்தப் பதினோரு மாதமும் அவள் தன்னந்தனியாக நின்றதாக ஆகிவிடும்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். “பார்த்தீங்கதானே?”

“பார்த்தேன்” என்றார்.

அவள் மூச்சை நிதானமாக விட்டாள். “எனக்குத் தெரியும். முதல்ல எதைப் பார்த்தீங்க?”

ஸ்டுடியோக்காரர் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கடிகார வாரைச் சொன்னார். ஸ்வெட்டரின் தோளைச் சொன்னார். கோலில் சாய்ந்து நின்றதைச் சொன்னார். அன்று மத்தியானம் பார்த்த ஒவ்வொன்றையும் அந்தந்த மாதமே பார்த்ததாகத் தேதி வைத்துச் சொல்லிக்கொண்டே போனார். மடியில் பாதி மடித்த துணியோடு அவள் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.