இருபத்தொன்றாவது சிட்டு

காலை ஆறரைக்குத் துரைசிங்கம் வெப்பமானியை மூன்று தரம் உதறி, சமையலறைச் சன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு நிமிடம் கழித்துக் கண்ணருகே கொண்டுவந்து பார்க்கிறார். மனிதர்கள் நாக்குக்கு அடியில் வைக்கிற வெப்பமானி அது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே அதில் எண்ணே கிடையாது. பாதரசம் அடியிலேயே கிடக்கிறது. அவர் மேசைக்குத் திரும்பி, தடித்த பதிவேட்டைத் திறந்து, அன்றைய தேதிக்கு நேரே எழுதுகிறார்: "மலைக்குக் காய்ச்சல் இல்லை."

"உது என்ன விளையாட்டு, சின்னப் பிள்ளை மாதிரி?" என்று மனைவி சரோஜாதேவி கோப்பியை வைத்தபடி கேட்கிறார். இரண்டு வருடமாகக் கேட்கிறார். இரண்டு வருடமாக அவர் கோப்பியைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் பதினாறாவது மைல்கல், பதினாறாங்கட்டை. வளைவை ஒட்டி ஒரு பலகை வீடு, தகரக் கூரை, பின்னால் ஓடை. எழுபத்தொன்பதில் இங்கே குடிவரும்வரை, பீடோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் டிரசராக இருந்தவர் துரைசிங்கம். பெரிய டாக்டர் வாரம் ஒருமுறை காரில் வந்து போவார். மற்ற ஆறு நாளும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும், மருந்து ஊற்றிக் கொடுப்பதும், இன்னார் இன்று வேலைக்கு வர வேண்டாம் என்று சிட்டு எழுதித் தருவதும் இவர்தான். ஐம்பத்தைந்து முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஈப்போவில் வீடு பார்த்தார்கள். இவர் மலையேறிவிட்டார்.

காரணம் கேட்டால் சொல்வார்: "முப்பத்தொரு வருசமா மற்றவைக்கு மலையை மருந்தா எழுதிக் குடுத்தனான். அது என்ன மருந்தெண்டு நானும் ஒருக்காப் பார்க்கத்தானே வேணும்."

மற்றவர்கள் என்றால் துரைமார்கள்தான். துரைக்குத் தூக்கம் வரவில்லையா, துரைசானிக்கு அலுப்பாக இருக்கிறதா, டாக்டர் சொல்லச் சொல்ல இவர் எழுதுவார்: மலையில் பதினான்கு நாள் ஓய்வு. பால்மரம் வெட்டுகிறவர்களுக்குச் சிவப்புத் தண்ணி மருந்தும், வாய்த்தால் ஒரு நாள் சிட்டும். உச்சியில் வீட்டு வாடகை எக்கச்சக்கம் என்பதால் துரைசிங்கம் பாதி மலையோடு நின்றுவிட்டார். பாதி மருந்தாவது உள்ளே போகட்டும் என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்.

ஆள் ஒல்லி. சாரத்துக்குக் கீழே முழங்கால்வரை காலுறை. கைகுலுக்க வந்தவர் கையைச் சட்டென்று விடமாட்டார். என்ன பாசம் என்று வந்தவர் நெகிழ்ந்துபோவார். இவர் நாடி எண்ணிக்கொண்டிருப்பார்.

எழுத்து அவரைப் பிடித்ததும் தொழில் வழியாகத்தான். தோட்டத்தை விட்டு வரும்போது பெட்டியில் எழுதாத நோயாளிப் பதிவேடுகள் நாலைந்து வந்துவிட்டன. தேதி, பெயர், வயது, முறையீடு, மருந்து, குறிப்பு என்று கோடு போட்டவை. மழைக்காலத்தில் பொழுது போகாமல் சாலையில் போகிறவர்களைப் பதியத் தொடங்கினார். ஒரு நாள் காய்கறி லாரி ஓட்டும் ராஜு தேநீர் குடிக்க நின்றார். மலைமேல் கோபிஸுக்கு, அதாவது முட்டைக்கோசுக்கு, விலை விழுந்து, அத்தனையையும் பள்ளத்தில் கொட்டிவிட்டு வருவதாகச் சொல்லிக் கண் கலங்கினார். துரைசிங்கம் அதைக் குறிப்புக் கட்டத்தில் எழுதினார். அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம். எழுத்து கோட்டைத் தாண்டி, அடுத்த பக்கம் போய், நாலு பக்கம் ஓடியது. சோறு ஆறிப்போனது. தனக்கு எழுத வரும் என்பதை ஐம்பத்தாறாவது வயதில் இப்படித்தான் அவர் கண்டுபிடித்தார். 'பதினாறாங்கட்டை' என்ற பெயரில் ஞாயிறு மலர் ஒன்று அதை வெளியிட்டது. ராஜு அதை வெட்டி லாரிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்.

பெட்டியில் தவறுதலாக வந்த இன்னொன்றும் இருந்தது. எழுதி முடித்த பழைய பதிவேடு, ஐம்பத்தேழாம் வருடத்தது. அதைப் புரட்டும்போதுதான் அவருக்கு ஆர்வம் தலைக்கேறியது. அர்ச்சுனன், தலைவலி. எண்ணிப் பார்த்தார்: ஒன்பது தலைவலி, ஒன்பதும் திங்கட்கிழமை. அன்று ஏன் இதைக் கேட்கவில்லை? கேட்காத கேள்வியை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். ஈப்போவிலிருந்து அர்ச்சுனனே பதில் போட்டிருந்தார்: "ஞாயித்துக்கெளம சைக்கிள்ல தெலுக் ஆன்சன் போயி ஒரு பொண்ணப் பாத்துட்டு வருவேன் ஐயா. மறுநாளு எங்க எழுந்திரிக்கிறது? அதத்தான் கட்டியிருக்கேன்." அந்தக் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். ஒவ்வொரு வரிக்குள்ளும் இப்படி ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் இன்னும் இருபது வருடம் எழுதலாம் என்று சந்தோஷப்பட்டார்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. "செல்லாயி, வயது 22, ஐந்து மாதம். இடுப்பு வலி. மூன்று நாள் ஓய்வு கேட்கிறாள். வேலைக்குப் போகலாம்." இரண்டு நாள் தள்ளி, அதே பெயர். கரு கலைந்தது.

அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. ஒரு நாளைக்கு இருபது சிட்டுக்கு மேல் கூடாது என்று துரை உத்தரவு போட்டிருந்த சமயம் அது. அன்று விடியற்காலையிலேயே இருபதும் போய்விட்டது. செல்லாயி இருபத்தொன்றாவது ஆள். "உனக்கு ஒண்டுமில்லை, போ" என்று அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் பேனா ஓடவில்லை. பிறகு ஒரே மூச்சில் எழுதி முடித்தார். சரோஜாதேவி படித்துவிட்டு, "உங்களுக்கு எழுத வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்றார். சற்றுப் பொறுத்து அவரே சொன்னார்: "அவளிட்டக் கேளாமல் பேப்பருக்கு அனுப்பாதேங்கோ."

விசாரித்துக்கொண்டு போனபோது செல்லாயி பீடோரில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கொய்யாத் தோட்டத்தில் பிஞ்சுகளுக்குக் காகிதப் பை கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது, முன்தலை நரைத்திருந்தது. துரைசிங்கம் மரத்தடியில் நின்று, தன் கட்டுரை இருந்த பதிவேட்டை விரித்து வாசித்தார். காலுறையில் எறும்பு ஏறியது. செல்லாயியின் கை ஒரு பிஞ்சைக்கூட விட்டுவைக்கவில்லை. இருபத்தொன்று என்ற இடத்தில்தான் நின்றது.

"அதுவா காரணம்? என் மூஞ்சி ஒங்களுக்குப் புடிக்கலன்னுல்ல இவ்ளோ நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

துரைசிங்கம் பதிவேட்டை மூடினார். மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தார்.

"அப்புறம் ரெண்டு பொறந்து, வளந்து, வேலைக்கும் போவுது," என்று செல்லாயி குறுக்கிட்டார். "ஆனா மொத வந்தது அதுதான். அத விடுங்க. அதே வாரம் தொரசானிக்கு அலுப்புன்னு காரு ஏத்தி மலைக்கு அனுப்புனீங்களே, நான் லயத்துல படுத்துக்கிட்டே பாத்தேன். அது இதுல இருக்கா?"

இல்லை.

"அதையும் எழுதுங்க. எம் பேர மாத்தாதீங்க." அடுத்த கிளையை இழுத்துப் பிடித்தார். பிறகு, நெடுநாளாக மனசில் கிடந்ததை எடுத்ததுபோல் கேட்டார்: "அந்த மலையில அப்படி என்னதான்லா இருக்கு?"

மலையைப் பற்றி மூன்று பதிவேடு எழுதியவர் வாயைத் திறந்தார். "பனி இருக்கு" என்றார்.

மறுநாள் காலை வெப்பமானியை அவர் தொடவில்லை. பழைய பதிவேட்டைப் பிரித்துத் துரைசானியின் வரியைத் தேடி எடுத்துத் தன் கட்டுரையில் சேர்த்தார். பெட்டிக்கு அடியில் கிடந்த சிட்டுப் புத்தகத்தில் ஒரு தாளில் தேதி போட்டு, "செல்லாயி. மலையில் பதினான்கு நாள் ஓய்வு" என்று எழுதினார். செல்லாயியிடம் சேர்க்கச் சொல்லிப் பஸ் கண்டக்டர் சன்னாசியிடம் கொடுத்தனுப்பினார். செல்லாயி வந்தால் கட்டுரையைத் தபாலில் போடுவது, வராவிட்டால் பெட்டியிலேயே வைத்துவிடுவது என்று முடிவு. பஸ் ஒவ்வொன்றுக்கும் சாலைக்கு வந்து நின்றார். பஸ் வளைவில் வேகம் குறைத்து, பிறகு போய்விடும். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம், மூன்று வாரம். அவருக்குச் சாப்பாடு குறைந்தது. "போய்க் கூப்பிட்டால் என்ன?" என்றார் சரோஜாதேவி. "சிட்டுக் குடுக்கிறது மட்டுந்தான் என்ர வேலை. வாறதும் வராததும் அவையின்ர விருப்பம்," என்றார் துரைசிங்கம்.

நாலாவது சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, பஸ் நின்றது. செல்லாயி ஒரு துணிப்பையும் ஒரு பை கொய்யாவுமாக இறங்கினார். சாலையில் நின்ற துரைசிங்கத்தைத் தாண்டி நேரே வாசலுக்குப் போய், சிட்டைச் சரோஜாதேவியிடம் நீட்டினார். டிரசர் எழுதிய சிட்டை டிரசரிடமே கொடுப்பது தோட்டத்து வழக்கமில்லை.

"சிட்டு இருக்குங்கம்மா."

"வாங்கோ," என்று துரைசிங்கம் பின்னாலிருந்து சொன்னார். தோட்டத்தில் ஒரு நாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை. தான் உட்காரும் பிரம்பு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

செல்லாயி சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினார். எதிரே மலை முழுக்கப் பனி மூடியிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்கா தொரமாருங்க காரு புடிச்சி வந்தாங்க? ஒன்னுமே தெரியலயேலா."

"காலமை தெரியும்."

"தெரியட்டும். பதினாலு நாளு இருக்குல்ல." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராகச் சரோஜாதேவியிடமிருந்து சிட்டைத் திரும்ப வாங்கித் துரைசிங்கத்திடம் கொடுத்தார். "டிரசரே, இதுல போட்ட தேதியெல்லாம் முடிஞ்சி போச்சி. வேலைய விட்டுட்டு ஒடனே வர முடியல. பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப இதக் காட்டுனா வேல வாங்குற மண்டோரு கிழிச்சிப் போட்டுருவாரு. மாத்திக் குடுங்க. இன்னைக்கிலேர்ந்து போடாதீங்க, பஸ்ஸுலயே பாதி நாளு போயிருச்சி. நாளைலேர்ந்து போடுங்க."

துரைசிங்கம் மேசைக்குப் போய்ப் பேனாவைத் திறந்தார். பழைய தேதியை ஒரு கோட்டால் அடித்தார். மறுநாள் தேதியை மேலே எழுதினார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில், விதிப்படி, சிறிதாகக் கையெழுத்துப் போட்டார்.

செல்லாயி அதை வாங்கி, மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.